உன் மாமா நிச்சயத்துக்கு வராத காரணம்

உனக்கு,

ஏழுமலை மாமா ஏன் நிச்சயதார்த்தத்துக்கு வரவில்லை என்று என்னிடம் மூன்று முறை கேட்டாய். முதல் முறை ஜுரம் என்றேன். இரண்டாவது முறை, டயர் எடுக்க மெட்ராஸ் போயிருந்தான் என்றேன். மூன்றாவது முறை நீ போனில் கேட்டபோது, லைன் சரியில்லை என்று சொல்லி வைத்துவிட்டேன். லைன் மிக நன்றாக இருந்தது; நீ பெருமூச்சு விட்டதுகூடக் கேட்டது. ஞாயிற்றுக்கிழமை உனக்குக் கல்யாணம். இன்று செவ்வாய். தபாலை நம்ப நாள் போதாது என்பதால், பாண்டிக்கு லோடு ஏற்றிப் போகிற உப்பு லாரியின் டிரைவரிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். நான்காவது பதில் இது. இது மட்டும்தான் உண்மை. உன் மாமாவுக்குத் தலையில் முடி இல்லை. அதனால் வர வேண்டாம் என்று நான்தான் சொன்னேன்.

இதைப் படித்துவிட்டு நீ சிரித்தாலும் சிரிப்பாய். உன் அம்மா சிரிக்கவில்லை. இரண்டு புடவையை மஞ்சள் பையில் திணித்துக்கொண்டு, பொம்மையார்பாளையத்தில் தம்பி வீட்டில் போய் உட்கார்ந்து ஒன்பது நாளாகிறது. போன ஞாயிறு நீ அங்கே போனபோது, அக்கா எனக்குச் சமைத்துப் போட வந்திருக்கிறது என்று உன் மாமா சொன்னானாம். ஐம்பத்துநான்கு வயது வரை தானே பொங்கித் தின்றவன் அவன். மகன் கல்யாணத்துக்கு இரண்டு வாரம் இருக்கும்போது அவனுக்குச் சாம்பார் வைக்க ஒருத்தி பஸ் ஏறுவாளா என்று நீ யோசித்திருக்க வேண்டும். அம்மாவிடம் கேட்டதற்கு, "உங்கப்பாவைக் கேளு" என்றாளாம். கேட்டாய். நான் லைனைக் குறை சொன்னேன்.

இது எங்கே தொடங்கியது என்று பார்த்தால், உன் தலையில்தான். சுனாமி அலை வந்த அடுத்த வருஷம் உனக்கு முடி கொட்டத் தொடங்கியது. அந்த வருஷம் மரக்காணத்தில் எதற்கெடுத்தாலும் அலைதான் காரணம். மாடு கறக்கவில்லை என்றால் அலை, பையன் பரீட்சையில் தவறினால் அலை. நிஜமாகவே அலையால் எல்லாம் இழந்தவர்கள் வாய் திறக்காமல் இருந்தார்கள்; மற்றவர்கள் பேசினோம். கிணற்றில் உப்பு ஏறிவிட்டது, அந்தத் தண்ணீரில் குளித்துத்தான் பிள்ளைக்கு முடி போகிறது என்று நான் தீர்ப்பு எழுதினேன். உப்பை விளைவித்து முப்பது வருஷம் சாப்பிட்டவன், உப்பின் மேல் பழி போட்டேன். உப்பளத்தில் வேலை செய்கிறவர்கள் நாள் முழுக்க உப்புத் தண்ணீரில் நின்று, உப்புக் காற்றில் காய்ந்து, அறுபது வயதில் அடர்ந்த முடியோடு நடமாடுவதை நான் தினமும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். ஒரு முடிவுக்கு வந்துவிட்ட மனுஷனுக்குக் கண் இருந்தும் பயனில்லை.

அப்போது நான் செய்ததை உலகத்தில் வேறு எந்தத் தகப்பனும் செய்திருக்க மாட்டான். பாத்தியில் தண்ணீர் உப்பாகும் பதம் வந்துவிட்டதா என்று மிதக்கவிட்டுப் பார்ப்போமே, அந்தக் கண்ணாடிக் குழாய், அதை வீட்டுக்கு எடுத்து வந்து நீ குளிக்கிற பக்கெட்டில் விட்டேன். இருபத்தைந்து டிகிரி பார்ப்பதற்கென்று செய்த குழாய் அது. உன் பக்கெட்டில் நேராக அடிக்குப் போய் டொக்கென்று முட்டிக்கொண்டு நின்றது. தண்ணீரில் சொல்லிக்கொள்ளும்படி உப்பு இல்லை என்று இதைவிடத் தெளிவாக ஒரு பொருளால் சொல்ல முடியாது. நான் குழாய் கெட்டுவிட்டது என்று முடிவு செய்து, பக்கத்து அளத்துக்காரரிடம் இன்னொன்று வாங்கி வந்தேன். அதுவும் முட்டிக்கொண்டது. அவருடையதும் பழசு என்று வைத்துக்கொண்டேன். மறுநாளிலிருந்து டி.வி.எஸ். ஃபிப்டியில் இரண்டு கேன் கட்டிக்கொண்டு மேற்கே மாந்தோப்புக் கிணறு வரை போய், நீ தலைக்கு ஊற்றிக்கொள்ள நல்ல தண்ணீர் கொண்டுவந்தேன். ஊரில் குடிக்கத் தண்ணீர் தேடி பெண்கள் குடத்தோடு நடந்துகொண்டிருந்தார்கள். நான் அவர்களைத் தாண்டி, உன் தலைக்குத் தண்ணீர் ஏற்றிக்கொண்டு வண்டியில் போனேன்.

அப்படியும் முடி கொட்டியது. அடுத்த குற்றவாளி ஷாம்பு. நீ வேலை பார்ப்பதே ஷாம்புவைச் சின்னப் பாக்கெட்டில் அடைக்கிற கம்பெனி என்பதால் எனக்கு அது ரொம்ப வசதியாகப் போயிற்று. தினமும் தலை குளிக்கிறாய், அதனால்தான் வேரெல்லாம் தளர்ந்துவிட்டது என்றேன். ஆம்பிளைக்குப் புதன், சனி இரண்டு நாள் தலை முழுக்குப் போதும், மற்ற நாளெல்லாம் எண்ணெய் என்று சட்டம் போட்டேன். பிறகு அந்த இரண்டு நாளையும் பிடுங்கிக்கொண்டு, ஒரு மாதம் தலையில் தண்ணீரே படக் கூடாது என்றேன். எண்ணெய் வைக்காத தலை துக்க வீட்டுத் தலை என்று வேறு சொன்னேன். காலையில் உன் உச்சியில் தேங்காய் எண்ணெயை நானே ஊற்றித் தேய்ப்பேன். நெற்றியில் வழியும், நீ கர்ச்சீப்பால் துடைத்துக்கொண்டு பஸ் ஏறுவாய். இருபத்தேழு வயது ஆள் நீ. ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. பேசியிருந்தால் எனக்குக் கோபம் வந்திருக்கும். பேசாததால், நான் சரியாகச் செய்கிறேன் என்ற நினைப்பு வந்தது. இரண்டில் எது மோசம் என்று இப்போது யோசிக்கிறேன்.

உன் தலை இயற்கையிலேயே எண்ணெய் கக்குகிற தலை. காலையில் குளித்தால் மாலையில் பிசுபிசுக்கும். அதன் மேல் நான் ஊற்றியது வெள்ளத்தின் மேல் மழை. மூன்றாம் வாரத்தில் அரிப்பு, வெள்ளை வெள்ளையாகச் செதில், பிடரியில் கட்டி. கம்பெனியில் தலைக்கு மாட்டச் சொல்கிற வலைத் தொப்பியெல்லாம் எண்ணெயாகிறது என்று உன்னை லைனிலிருந்து எடுத்து லோடு ஏற்றுகிற இடத்துக்கு மாற்றினார்கள். அதை நீ வீட்டில் சொல்லவில்லை. உன் தலையணை உறையைத் துவைத்த உன் அம்மாதான் சொன்னாள், இந்த உறையைப் பிழிந்தால் ஒரு அப்பளம் பொரிக்கலாம் என்று. அந்த ஆண்டுத் தை மாதத்தில் உனக்கு முதல் பெண் பார்க்கப் போனோம் அல்லவா? பெண் வீட்டார் அதற்கென்றே சுவருக்குப் புதுச் சுண்ணாம்பு அடித்திருந்தார்கள். நீ நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தாய். எழுந்தபோது சுவரில் உன் பின்னந்தலை, காதோடு சேர்த்து, அச்சு எடுத்த மாதிரி இருந்தது. ஜாதகம் பொருந்தவில்லை என்று சொல்லி அனுப்பினார்கள். ஜாதகம் சுவரில் எழுதியிருந்ததை நானும் பார்த்தேன்.

அதன் பிறகுதான் பாண்டியில் தோல் டாக்டரிடம் போனோம். அவர் உன் தலையைப் பிரித்துப் பிரித்துப் பார்த்தார். முதலில் தினமும் தலைக்குக் குளிக்கச் சொன்னார். குளிக்கும்போது கையில் வருகிற முடி, குளிக்காவிட்டாலும் நாளைக்கு விழப் போகிற முடிதான் என்றார். எண்ணெயை நிறுத்தினால் அரிப்பு அடங்கும், ஆனால் முன்பக்கம் ஏறுவது அதனால் வந்ததில்லை, குடும்ப வழியில் வருவது என்றார். அப்பா வழியிலோ அம்மா வழியிலோ யாருக்காவது உண்டா என்று கேட்டார். நீ வாயைத் திறந்து "எங்க மாமா" என்றாய். நான் நடுவில் புகுந்து, "அது பரம்பரை இல்லைங்க டாக்டர். அவன் பஞ்சர் கடை வெச்சிருக்கான். அந்த சொல்யூஷன் வாடைக்குப் போயிடுச்சு" என்றேன். டாக்டர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். விளக்கு வெளிச்சத்தில் அவருடைய தலை நடு உச்சி வரை பளபளவென்று இருந்தது. "எங்க வீட்ல யாரும் பஞ்சர் கடை வெக்கலைங்க" என்றார். நீ தலையைக் குனிந்துகொண்டு சிரிப்பை அடக்கினாய். நான் சிரிக்கவில்லை. அடுத்த பெண் வீட்டில் இதே கேள்வி வந்தால் என்ன சொல்வது என்பதில்தான் என் புத்தி இருந்தது.

அந்த மாதமே நீ பாண்டியில் ரூம் எடுத்துக்கொண்டு போனாய். பஸ் நேரம் ஒத்துவரவில்லை என்றாய். தலைக்குக் குளிக்கத்தான் போனாய் என்று எனக்குத் தெரியும். தகப்பனிடமிருந்து தப்பித்து ஒரு பக்கெட் தண்ணீருக்காக வாடகை கொடுத்தவன் நீ ஒருத்தனாகத்தான் இருப்பாய்.

பிறகு வானூர் சம்பந்தம் வந்தது. கோமதியின் அப்பா தாலுக்கா ஆபீஸ் எதிரில் மேஜை போட்டு மனு எழுதுகிறவர். காலை பத்து மணி முதல் சாயங்காலம் வரை, ஜனங்கள் சொல்கிற பொய்யைக் கேட்டு, அதில் எது நிற்கும் எது நிற்காது என்று பிரித்து, நல்ல தமிழில் எழுதிக் கொடுப்பதுதான் அவர் தொழில். அப்படிப்பட்டவரிடம் போய் நான் பொய் சொன்னேன். மாப்பிள்ளைக்கு முன்பக்கம் கொஞ்சம் கம்மியாக இருக்கிறதே என்று அவர் மரியாதையாகத்தான் கேட்டார். கிணற்றுத் தண்ணீர் என்றேன். அலை என்றேன். பாண்டித் தண்ணீரில் திரும்ப முளைத்துக்கொண்டிருக்கிறது என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். தோளில் கிடந்த துண்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, என் தலையைக் கோதிக் காட்டி, எங்கள் குடும்பத்தில் வழுக்கை என்கிற பேச்சே கிடையாது என்றேன். அவர் என் தலையைப் பார்த்தார். சரி என்றார். மாட்டுத் தரகன் மாட்டின் பல்லைப் பிடித்துக் காட்டுவதுபோல என் முடியைக் காட்டிவிட்டு வந்தேன். பஸ்ஸில் வரும்போதுதான் நினைவுக்கு வந்தது, நிச்சயத்துக்குத் தாய்மாமன் வருவான் என்று. அவன் வந்து நின்றால், பத்து வருஷம் கழித்து உன் தலை எப்படி இருக்கும் என்று படம் பிடித்துக் காட்டின மாதிரி. உனக்கு அவன் ஜாடை வேறு. அதே நெற்றி, அதே காது.

மறுநாள் பொம்மையார்பாளையம் போனேன். கடையில் லாரி டயர் ஒன்றை நெம்புகோல் போட்டு வளையத்திலிருந்து கழற்றிக்கொண்டிருந்தான். நான் சுற்றி வளைத்துச் சொன்னேன். பெண் வீட்டார் ஒரு மாதிரி, சின்ன விஷயத்துக்கெல்லாம் பெரிதாக யோசிப்பவர்கள் என்று அவர்கள் மேல் போட்டேன். அவன் வேலையை நிறுத்தாமல் கேட்டுக்கொண்டிருந்தான். முடித்ததும் கையைத் துடைத்துக்கொண்டு, "தலைப்பா கட்டிக்கிட்டு வரட்டுமா மச்சான்?" என்றான்.

அவன் கேட்டது இதைத்தான். கோபம் இல்லை, குத்தலும் இல்லை. அக்கா பிள்ளை நிச்சயத்துக்கு எப்படியாவது வந்துவிட ஒரு வழி கேட்டான். நான் அதற்கும், "வேணாம்பா, காத்துல அவுந்துடும்" என்றேன். கல்யாணத்துக்கு நீ இல்லாமலா, இது நிச்சயத்துக்கு மட்டும்தான் என்று சமாதானம் சொன்னேன். அவன் நெம்புகோலைத் திரும்ப எடுத்தான்.

"கல்யாணத்துக்குள்ள மட்டும் எனக்கு மொளச்சிடுமா மச்சான்?" என்றான்.

 எனக்கு டீ சொல்லவில்லை. அந்தக் கடையில் இருபது வருஷத்தில் நான் டீ குடிக்காமல் திரும்பியது அன்றைக்குத்தான்.

இங்கே உனக்குத் தெரியாத ஒன்றைச் சொல்ல வேண்டும். உன் மாமா ஏன் கல்யாணம் செய்துகொள்ளவில்லை என்று சின்ன வயசில் கேட்பாய். அவனுக்குப் பிடிக்கவில்லை என்று சொல்லி வைத்திருந்தோம். இருபத்தாறு வயதில் அவனுக்குப் பெண் பார்க்கப் போனோம். உன் அம்மாவைக் கட்டி எனக்கு இரண்டு வருஷம். புது மாப்பிள்ளை முறுக்கு இன்னும் போகவில்லை. அப்போதே அவனுக்கு முன் தலை ஏறிவிட்டிருந்தது. அவர்கள் வீட்டில் பேசிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போயிற்று. யாரோ விளக்கு தேடினார்கள். நான், "விளக்கு எதுக்குங்க, அதான் மாப்பிள்ளை தலை இருக்குதே" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். கதவுக்குப் பின்னால் பெண்களும் சிரித்தார்கள். ஏழுமலையும் சிரித்தான். கரண்ட் வந்தபோதும் அவன் முகத்தில் அந்தச் சிரிப்பு அப்படியே மாட்டிக்கொண்டிருந்தது. அந்த இடம் அமையவில்லை. அதற்குப் பிறகு யார் கூப்பிட்டும் அவன் பெண் பார்க்க வரவில்லை. என் பேச்சினால்தான் என்று அவன் ஒருபோதும் சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை. அலை வந்து நம் பாத்தியெல்லாம் முழங்கால் உயரத்துக்குச் சேறு மூடிக் கிடந்தபோது, கடையைச் சாத்திவிட்டு மண்வெட்டியோடு வந்து பன்னிரண்டு நாள் சேறு அள்ளியவன் அவன் ஒருத்தன்தான். வெயிலில் அந்தத் தலை கொப்பளித்து உரிந்தது. அதன் மேல் தேங்காய் எண்ணெய் தடவச் சொன்னதும் நான்தான்.

நிச்சயத்தில் சம்பந்தி, "தாய்மாமன் எங்கங்க?" என்று கேட்டபோது மெட்ராஸ் என்றேன். உன் அம்மாவிடம் ஜுரம் என்றேன். ஜுரம் ஒரே வாரத்தில் உடைந்தது. பத்திரிகை வைக்கத் தட்டோடு தம்பி வீட்டுக்குப் போன உன் அம்மா, ஜுரம் எப்படி இருக்கிறது என்று கேட்டிருக்கிறாள். எந்த ஜுரம் என்று அவன் கேட்டிருக்கிறான். அப்போதும் அவன் என்னைக் காட்டிக் கொடுக்கவில்லையாம். இவளேதான் துருவித் துருவி எடுத்தாள். வீட்டுக்கு வந்து என்னிடம் சண்டை போடவில்லை. புடவையை மடித்துக்கொண்டே பேசினாள். "என் தம்பி பட்டம் கட்டாம எம்புள்ள மணையில உக்கார மாட்டான். அவன் வரமாட்டேன்னுட்டான். இப்ப இன்னா பண்ணுவியோ பண்ணு" என்றாள். முப்பது வருஷத்தில் என்னை அவள் ஒருமையில் பேசியது அதுதான் முதல் தடவை. 

எட்டு நாள் நான் ஒன்றும் பண்ணவில்லை. பந்தல்காரனுக்குச் சொன்னேன், சமையலுக்குச் சொன்னேன், மேளத்துக்குச் சொன்னேன். கல்யாண வேலையெல்லாம் மும்முரமாக நடந்தது. கல்யாணம் நடக்குமா என்பதை மட்டும் யாரும் கேட்கவில்லை. நேற்றுக் காலை வானூர் போனேன். தாலுக்கா ஆபீஸ் எதிரில் சம்பந்தியின் மேஜை முன்னால் முக்காலி காலியாக இருந்தது. உட்கார்ந்தேன். அவர் பழக்க தோஷத்தில் வெள்ளைத் தாளை எடுத்து மார்ஜின் மடித்துவிட்டு நிமிர்ந்தார். நான் சொல்லச் சொல்ல அந்தத் தாளை ஓரமாக வைத்துவிட்டார். கிணறு, அலை, என் தலை, மச்சான் தலை எல்லாவற்றையும் சொன்னேன். என் பையனுக்கு முடி திரும்ப வராது, இருப்பதும் போகும் என்றேன். எனக்குப் பின்னால் பட்டா மாற்ற வந்த ஒரு கிழவர் நின்று முழுவதையும் கேட்டுக்கொண்டிருந்தார். அவரை நகரச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை.

"முடி போனா போவுதுங்க. எனக்கு இருக்குதா இன்னா?" என்றார் சம்பந்தி. நிஜம்தான். அவருக்கும் காதுக்கு மேலே ஒரு வரிசைதான். அவர் முன்னால் உட்கார்ந்து என் முடியைக் கோதிக் காட்டியபோது நான் அதைக் கவனிக்கவே இல்லை என்பதை அந்த நிமிஷத்தில்தான் கண்டேன். "ஆனா ஒரு ஆளையே மறைச்சிட்டீங்களே. நாளைக்கு எம்பொண்ணுகிட்ட ஒரு குறை கண்டீங்கன்னா அவளை எங்க வெச்சி மறைப்பீங்க?" என்றார்.

 அவர் மேஜையைப் பூட்டிவிட்டு, வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனார். கோமதியைக் கூப்பிட்டு, என்னையே மறுபடி முதலிலிருந்து சொல்லச் சொன்னார். இரண்டாவது தடவை சொல்வது சுலபமாக இருக்கும் என்று நினைத்தேன். அந்தப் பெண் தூணோரம் நின்று கேட்டாள். கரண்ட் போன கதையையும் சொன்னேன். அதை அவளுடைய அப்பாவிடம் சொல்லியிருக்கவில்லை. ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை. ஒருத்தர் முகத்திலும் சிரிப்பு இல்லை.

அவள் ஒன்றே ஒன்று கேட்டாள். "இதெல்லாம் அவருக்குத் தெரியுமா மாமா?"

தெரியாது என்றேன். நிஜமாகத் தெரியாதா, தெரிந்தும் சும்மா இருந்தாரா என்று இன்னொரு முறை கேட்டாள். தெரியாது, என்னிடம் மூன்று முறை கேட்டான், மூன்று முறையும் ஏமாற்றினேன் என்றேன். அவள் முகத்தில் அதுவரை இருந்த ஏதோ ஒன்று கொஞ்சம் இளகியது. "அப்ப அவர்கிட்ட சொல்லுங்க. தெரிஞ்ச பிறகு அவர் இன்னா பண்றார்னு நான் பாக்கணும். அவரோட தாய்மாமனை அவரே கூட்டிக்கிட்டு இங்க வரட்டும்" என்றாள். பந்தலை நிறுத்தச் சொல்வதா வேண்டாமா என்று வியாழக்கிழமை சாயங்காலம் முடிவு செய்யலாம் என்றார் அவளுடைய அப்பா. வாசல் வரை வந்து வழியனுப்பினார். மனு கொடுக்க வந்தவனை வழியனுப்புவதுபோல இருந்தது.

ஆகவே உன் தலையெழுத்து இப்போது உன் கையில் இருக்கிறது என்று எழுத ஆசைதான். தலையைப் பற்றி நான் இனி எதுவும் சொல்லாமல் இருப்பது நல்லது. உனக்குப் பிடித்த சோப்பைப் போட்டுத் தினமும் குளி. எண்ணெய் வைப்பதும் வைக்காததும் உன் இஷ்டம். கோமதி கேட்டால் வை. நான் கேட்டால் வைக்காதே. உனக்குப் பையன் பிறந்து, அவனுக்கு இருபத்தைந்து வயதில் முன் நெற்றி ஏறினால், யார் வழியில் வந்தது என்று பெயரைச் சொல்லிச் சொல். அந்தப் பெயர் உள்ளவன் சபையில் முன்வரிசையில் உட்கார்ந்திருக்கட்டும்.

ஒன்றை மட்டும் கேட்கிறேன், இது உத்தரவு இல்லை. இந்தக் கடிதத்தைப் படித்ததும் உனக்கு என் மேல் வருகிற கோபத்தோடு மாமாவிடம் போகாதே. அவன் முன்னால் என்னைத் திட்டினால், அவன் எனக்குப் பரிந்து பேச ஆரம்பித்துவிடுவான். அவனுக்கு அதுதான் பழக்கம். பிறகு நீ கேட்க வந்ததைக் கேட்க முடியாது. எனக்காக அவனிடம் மன்னிப்புக் கேட்கவும் கேட்காதே. அது என் வேலை, உன் தலையில் கட்ட முடியாது. உனக்காக மட்டும் கேள். உன் நெற்றியில் பட்டம் கட்ட அவன் வேண்டும் என்று உனக்கு இருந்தால் அதைச் சொல். வானூருக்கு உன்னோடு வரச் சொல். வரமாட்டேன் என்றால், ஏன் என்று கேட்காதே. அவனிடம் காரணம் இருக்கிறது. அப்படி ஆனால் கோமதி வீட்டில் போய் அதையும் நீயே சொல்லிவிடு. கல்யாணம் நின்றால், ஊரில் கேட்பவர்களுக்குக் காரணம் சொல்கிற வேலையை நான் எடுத்துக்கொள்கிறேன். ஒரே காரணம்தான் சொல்வேன்.

வியாழக்கிழமை காலை ஏழு மணிக்கு மாமா கடை திறப்பான். உனக்கு முன்னாலேயே நான் அங்கே வந்திருப்பேன். ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் பஸ் நிற்கிற இடத்தில், புளியமரத்துக்குக் கீழே நிற்பேன். தலையில் துண்டு போட்டுக்கொள்ளப் போவதில்லை, அவனுக்கு என்னை அடையாளம் தெரியட்டும். நீ என்னைப் பார்த்தாலும் என் பக்கம் வராதே, நேராகக் கடைக்குள் போ. நீங்கள் பேசி முடித்த பிறகு அவன் என்னைக் கூப்பிட்டால் ரோட்டைக் கடந்து வருகிறேன். கூப்பிடாவிட்டால் அங்கேயே நிற்கிறேன். மரக்காணத்துக்குப் பஸ் வந்துகொண்டுதான் இருக்கும். அவன் கடையைச் சாத்துகிற வரை ஒன்றிலும் ஏறப் போவதில்லை.

அப்பா